கடையில் தூசணத்துக்குத் தண்டம்: உண்டியல் வைத்தால் வாய் அடங்குமா?

கடைக்கணக்கு (கொழும்பு 12)

எல்லாருக்கும் வணக்கம். பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். குழாய், வால்வு, முள்ளுக்கம்பி, பெயின்ட், இப்படி. ஸ்டோருக்கும் கவுண்டருக்கும் நடுவில்தான் என் மேசை. அதனால் கடையில் யார் யாருக்கு என்ன ஏசினாலும் முதலில் என் காதில்தான் விழும்.

அண்மையில் பில் போடுவதற்கு ஒரு பிள்ளையை எடுத்தோம். சின்ன வயது, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அதுவரைக்கும் இந்தக் கடையில் பெண்கள் யாரும் வேலை செய்ததில்லை. அவள் வந்த கிழமையே முதலாளி ஒரு பால்மாத் தகரத்தின் மூடியில் கத்தியால் கீறி, உண்டியல் மாதிரி கவுண்டரில் வைத்துவிட்டார். தூசணம் ஒன்றுக்கு 50 ரூபா. கையில் காசு இல்லாதவனுக்குச் சம்பளத்தில் கழிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. அதற்கென்று கணக்குப் புத்தகத்தில் தனியாக ஒரு பத்தி வேறு போடச் சொன்னார். எது எது தூசணம் என்று ஒரு பட்டியலும் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பத்துப் பதினைந்து வருஷமாக வவுச்சர் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நினைத்திருப்பேனா?

சிக்கல் உடனே தொடங்கிவிட்டது. எங்கள் கடைக்கு ஜிஐ குழாய் லொறியில் வரும், 20 அடி நீளம். தெரு அகலம் உங்களுக்குத் தெரியும். லொறி பாதி ரோட்டில் நிற்கும், பின்னால் திரீவீலர்கள் ஹோர்ன் அடிக்கும், கைவண்டிக்காரர் வேறு நடுவில் புகுந்து வருவார். சுமை தூக்குகிற நாட்டாமிகள் குழாய்க் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் பக்கத்து ஒடுக்கத்தால் உள்ளே போக வேண்டும். பின்னால் பிடிப்பவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முன்னால் போகிறவர் ஒரு சொல் சொல்வார், எல்லாரும் அப்படியே நிற்பார்கள். இன்னொன்று சொல்வார், திரும்புவார்கள். இரண்டும் இங்கே எழுத முடியாத சொற்கள். உண்டியல் வைத்த பிறகு வந்த முதல் லோடில் அந்த மனுஷன் 50 ரூபாவுக்குப் பயந்து சொல்லை விழுங்கிவிட்டார். 'கவனம்' என்று அவர் யோசித்துச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் இரண்டு எட்டு வைத்துவிட்டார்கள். குழாய் முனை போய் ஷோகேஸ் கண்ணாடியில் இடித்தது. கண்ணாடி போனதும் அவர் சொன்னது மொத்தம் 200 ரூபாவுக்கு வரும்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, இப்படி உண்டியல் வைத்து எங்காவது சரிவந்திருக்கிறதா? மற்றது, எங்கள் ஸ்டோரில் முக்கால்வாசிப் பேர் தமிழ்தான் கதைக்கிறவர்கள். ஆனால் ஏசுவதெல்லாம் சிங்களத்தில். சிங்களத்தில் எவ்வளவு மோசமாகச் சொன்னாலும் மற்றவன் சிரித்துவிட்டுப் போவான். அதில் கால்வாசியைத் தமிழில் சொன்னால் கைகலப்பு. கொழும்பு முழுக்க இப்படித்தானா, அல்லது எங்கள் கடைக் குணமா?

பஞ்சிகாவத்தை நானா

தம்பி, சரிவராது. நான் கண்ணால் பார்த்தது.

எங்கள் பக்கம் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இதே வேலை பார்த்தார். முதல் கிழமை எல்லாரும் ஒழுங்கு. பிறகு ஒருவர் காலையில் வந்ததுமே 500 ரூபாத் தாளைப் போட்டுவிட்டு, "இன்றைக்கு எனக்குப் பத்து இருக்கு" என்று விரல் மடக்கி மடக்கி ஏசத் தொடங்கினார். மதியத்துக்குள் பத்தும் முடிந்தால் பக்கத்திலிருக்கிறவனிடம் கடன் கேட்பார். மாத முடிவில் உண்டியலை உடைத்து எல்லாருக்கும் ஒரே தட்டில் கூடிச் சாப்பிடுகிற சஹன் சோறு என்று முடிவாகியது. அதோடு சரி. சும்மா இருந்தவனும் "சோறு நல்லா வரணுமே" என்று வாய் திறக்கத் தொடங்கிவிட்டான். அடுத்த மாதம் மகனே தகரத்தைத் தூக்கிவிட்டார்.

கடையில் வாய் அடங்கி நான் பார்த்தது நோன்பு மாதத்தில் மட்டும்தான். ஏசினால் நோன்பின் நன்மை போய்விடும் என்று உள்ளே ஒரு பயம் இருக்கும். அதுவும் அஸருக்குப் பிறகு பசி ஏறினால் கொஞ்சம் ஆட்டம் காணும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: எங்களுக்கும் அதேதான். ரோட்டில் ஒருவன் சிங்களத்தில் 'யக்கோ' (பேயே) என்று கத்தினால் யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை, கூட்டாளியைக் கூப்பிடுகிறான் என்று போய்விடுவோம். தமிழில் உம்மாவைச் சேர்த்து ஒன்று சொல்லிப் பார்க்கட்டும்.

வார்ட் அக்கா

நான் தாதி. பாரிசவாதம் வந்தவர்களைப் பார்க்கிற வார்ட்டில் நிறையக் காலம் வேலை செய்திருக்கிறேன். அதனால் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூளையின் இடது பக்கம் அடிபட்டால் சிலருக்குப் பேச்சுப் போய்விடும். மனைவியின் பேர் வராது, தண்ணீர் என்று கேட்க வராது. ஆனால் ஊசி போடும்போது தூசணம் மட்டும் பளிச்சென்று, உச்சரிப்புப் பிசகாமல் வரும். எங்கள் வார்ட்டில் ஒரு ஓய்வுபெற்ற ஐயா, நெற்றி நிறைய விபூதி, மகள் பக்கத்தில் நிற்கிறாள். கானுலா குத்தினோம். அவர் வாயிலிருந்து வந்தது நல்ல தடித்த சிங்களத் தூசணம். மகள் முகத்தை மூடிக்கொண்டு, "மிஸ், அப்பா வீட்டில் ஒருநாளும் இப்படிச் சொன்னதே இல்லை" என்று அழுகிறாள். சொல்லியிருக்க மாட்டார்தான். கேட்டிருப்பார், அது உள்ளே இருந்திருக்கிறது. நாங்கள் யோசித்துக் கோத்துப் பேசுகிற பேச்சு ஒரு வழி, ஏச்சு, எண்ணுவது, தேவாரம் எல்லாம் வேறு வழி. அந்த ஐயாவுக்குத் தேவாரமும் வந்தது, பிறகு பாடினார். 1861 இல் பாரிஸில் புரோகா என்ற டொக்டர் ஆராய்ந்த பேர்போன நோயாளியும் அப்படித்தான். அவருக்கு 'டான்' என்ற ஒரு ஒலியைத் தவிர வேறு எதுவும் வராது, கோபம் வந்தால் மட்டும் கடவுளை இழுத்து ஒரு ஏச்சு வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் நாட்டாமி சொல்வது அவர் யோசித்துச் சொல்வதில்லை. யோசிக்க வைத்தீர்கள், கண்ணாடி போனது.

சிங்களத்தில் ஏசினால் ஏன் உறைப்பதில்லை என்று கேட்டீர்கள். லண்டனில் டெவாலே என்ற பேராசிரியர் பல மொழி பேசுகிற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2004 இல் எழுதியிருக்கிறார். பெரும்பாலானவர்களுக்குத் தாய்மொழித் தூசணம்தான் அதிகம் சுடும். பிறகு படித்த மொழியில் அதே சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்கள். சின்ன வயதில் எந்த மொழியில் ஏசினால் அம்மா வாயில் மிளகாய்த்தூள் போட வந்தாவோ, அந்த மொழி பயமாகவே இருக்கும். என் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அதை மறுபக்கமாகச் சொல்வார்: "உங்கட பெடியன்கள் எங்கட பாஷையில் ஏசுவது அவர்களுக்குத்தான் லேசு, எனக்கு இல்லை." அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஏசினால் வலி குறையும் என்பதும் பொய் இல்லை. 2009 இல் இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்பவர் மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். தூசணம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கூடுதல் நேரம் தாங்கினார்கள். அடுத்த வருஷம் அதற்கு, சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக்நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 2011 இல் திரும்பச் செய்து பார்த்தபோது, நாள் முழுக்க ஏசிப் பழகியவர்களுக்கு அந்தப் பலன் குறைவு என்று வந்தது. ஆகவே உங்கள் ஸ்டோர்க்காரர்களுக்குக் கால் நசுங்கினால் தூசணம் உதவாது, பனடோல்தான்.

கொட்டாஞ்சேனை மிஸ்

எல்லாரும் சிரித்துச் சிரித்து எழுதுகிறீர்கள். அந்தப் பிள்ளையை யாராவது கேட்டீர்களா?

தூசணம் வெறும் பழக்கம், மூளையில் வேறு வழி, சரி. ஆனால் சொல்வது என்ன என்று ஒரு தரம் பாருங்கள். தமிழோ சிங்களமோ, அம்மா, அக்கா, தங்கச்சி, இல்லாவிட்டால் ஒரு பெண்ணின் உடம்பு. இரண்டு ஆம்பிளைகள் லொறியை ரிவர்ஸ் எடுக்கிறதில் சண்டை பிடித்தால், அங்கே இல்லாத இரண்டு பொம்பிளைகள் ஏன் தெருவுக்கு வர வேண்டும்? பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் அதைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொந்தரவாக ஆபாசச் சொல் சொல்வது 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்தே குற்றம். யாரைப் பிடித்தார்கள்?

நான் ஒன்பதாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன். பெடியன்கள் மூலையில் ஏசுவார்கள், என்னைக் கண்டால் 'சொரி மிஸ்' என்பார்கள். பக்கத்தில் இருக்கிற பெட்டைப் பிள்ளைகளிடம் ஒருநாளும் சொரி சொன்னதில்லை. மிஸ்ஸுக்குக் கொடுக்கிற மரியாதை பதவிக்குக் கொடுக்கிறது. எனக்கு அது தேவையில்லை.

உங்கள் முதலாளி உண்டியல் வைத்தது அந்தப் பிள்ளைக்காகவா, 'பெண்பிள்ளை இருக்கிற கடை' என்று வருகிற சனத்துக்குக் காட்டவா? அதை முதலில் விசாரியுங்கள்.

கடைக்கணக்கு

மிஸ், நியாயமான கேள்வி. இன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஸ்டோர்க் கதை எனக்குப் பழக்கம் அண்ணா, எங்கட வீட்டுக்குப் பின்னால கராஜ். காலையில அலாரமே அதுதான். எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்னவென்றால், நான் ஸ்டொக் பார்க்க உள்ளே போனால் எல்லாரும் டக்கென்று வாயை மூடுறாங்க. ஒருத்தர் இருமுறார். நான் என்னவோ பொலிஸ் மாதிரி."

அப்புறம் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, கொந்தராத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். பெரிய வாடிக்கை. வெள்ளைச் சேர்ட், மரியாதையான பேச்சு, வாயில் ஒரு தூசணம் வராது. அவர் பில் போடும்போது கவுண்டரில் முழங்கையை ஊன்றி, "சிரிச்சால்தான் காசு எடுப்பேன் நங்கி" என்பாராம். மிச்சக் காசு வாங்கும்போது விரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டாராம். நான் மூன்று அடி தள்ளி இருக்கிறேன், அவர் வரும்போதெல்லாம் அவருக்கு நாற்காலி போடச் சொல்கிறவர் முதலாளி.

இதற்கு எந்தத் தகரத்தில் எவ்வளவு போடுவது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஸ்டோரில் மிக மோசமான வாய் குழாய் தூக்குகிற அந்த மனுஷனுடையதுதான். அவளுக்கு மழை நாளில் பஸ் தரிப்பு வரை குடை பிடித்துக்கொண்டு போனதும் அவர்தான்.

நாரஹேன்பிட்டி

நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் ஒரு விஷயம். கையில் வாங்குவது அவர்கள் இஷ்டம். சம்பளத்தில் கழிப்பது வேறு கதை. 1954 ஆம் ஆண்டுக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் முதலாளி நினைத்தபடி கழிக்க இடம் கொடுக்காது. யாராவது தொழில் திணைக்களத்துக்குப் போனால், முதலில் திறந்து பார்ப்பது உங்கள் கையெழுத்தில் இருக்கிற அந்தப் பத்தியைத்தான். அதை எழுதாதீர்கள்.

லயத்துப் பையன்

கணக்கு அண்ணே, அந்தப் பட்டியலில் என்னென்ன சொல் இருக்கு என்று எழுதுவீங்களா? ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

நான் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஓ/எல் எழுதிவிட்டு நேரே கொழும்புக்கு வந்தவன். முதலில் வேலை செய்தது புறக்கோட்டையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடை. வெங்காய மூட்டை, பருப்பு மூட்டை. அந்த முதலாளி வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. காலையில் சாமிப் படத்துக்குப் பூ வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார். என்னைக் கூப்பிடுவது 'டேய் தோட்டம்'. கணக்கில் நூறு ரூபா பிசகினால், வாடிக்கையாளர் முன்னாலேயே, சத்தம்கூட போடாமல், "தோட்டக்காட்டானுக்கு என்ன கணக்கு வரும்" என்பார். நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நல்ல படித்த சனம்.

மூட்டை இறக்குகிற அண்ணன்மார் எனக்கு நாள் முழுக்க அம்மாவைச் சேர்த்து ஏசுவார்கள். நானும் திருப்பி ஏசுவேன். அவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் பாதி எனக்கு. மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போக முதலாளி லீவு தரவில்லை என்றதும், எனக்காக அவரோடு சண்டை பிடித்ததும் அவர்கள்தான், அந்தச் சண்டையும் முழுக்கத் தூசணத்தில்தான். அதற்கெல்லாம் தண்டம் போட்டால் நான் இன்னும் கடன்காரன்.

2023 இல் மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க. எங்க பெரியப்பா மகன் போனான், கால் கொப்புளத்தோடு போட்டோ அனுப்பினான். அதைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்போது வேலை செய்த இன்னொரு கடையில், மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, உங்கட தோட்டக்காட்டு ஆக்கள் எங்க போறாங்க" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, சும்மா விசாரிப்பு. அதுதான் சொல்ல வந்தேன். அந்தச் சொல்லைச் சொல்கிறவருக்கு ஏசுகிறோம் என்றே தெரியாது. எந்த உண்டியலிலும் அதற்கு 50 ரூபா விழாது.

மிஸ் சொன்னதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். எங்க அம்மாவை ஒருத்தன் வாயில் இழுப்பது எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. முதலாளியை நான் திருப்பி என்ன சொல்ல?

பஞ்சிகாவத்தை நானா

மகன், உங்களை அப்படிக் கூப்பிட்டவர்களைத்தான் இங்கே தூசணத்தில் ஏச வேண்டும். மட்டுறுத்துநர் அழித்தாலும் பரவாயில்லை என்றுதான் பார்த்தேன், பிறகு நோன்பு நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.

கடைக்கணக்கு

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கழிவுப் பத்தியை எழுதவில்லை. சட்டத்தைச் சொன்னேன். தொழில் திணைக்களம் என்றதும் முதலாளி, "சரி சரி, அதை விடு, பட்டியலைத் தா" என்றார்.

பட்டியலைக் கொடுத்தேன். எங்கள் ஸ்டோரிலும் பண்டாரவளைப் பையன் ஒருவன் இருக்கிறான். முதலாளியும் அவனை, லயத்துத் தம்பியைக் கூப்பிட்ட அந்தத் தோட்டச் சொல்லால்தான் கூப்பிடுவார். ஆகவே முதல் வரியில் அதை எழுதினேன். அதற்குக் கீழேதான் வழக்கமான சரக்கு, அதுவும் இடக்கரடக்கலாக, முதல் எழுத்தும் புள்ளிகளும். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கீழே இருந்ததெல்லாம் பிரச்சினை இல்லை. முதல் வரியில் விரலை வைத்து, "இது தூசணமா? ஊரைத்தானே சொல்கிறோம்" என்றார்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பில் மெஷினுக்குப் பின்னால் இருந்து அந்தப் பிள்ளை, தலையைத் தூக்காமல், "அப்படியென்றால் ஊரைச் சொல்லுங்க முதலாளி, பண்டாரவளை என்று. அது நல்ல பேர்தானே" என்றாள். ஸ்டோர்ப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இருமுகிறவர்கூட இருமவில்லை.

முதலாளி பட்டியலை மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னேரம் தகரம் கவுண்டரில் இல்லை. யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையனை அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இப்போதைக்கு 'தம்பி' என்கிறார், சில நேரம் வாய் பழைய பக்கம் போய்ப் பாதியில் நிற்கிறது. குழாய் லோட் பழைய முறைப்படியே இறங்குகிறது, பழைய சொற்களோடு. மிஸ் கோபிக்கக் கூடாது. அம்மாவை விட்டுவிட்டு வேறு ஏதாவது இரண்டு சொல் வைத்துக்கொள்ளலாமா என்று அந்த மனுஷனிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார்.

கொந்தராத்துக்காரருக்கு இப்போது நான்தான் பில் போடுகிறேன், அவருடைய பைல் என் மேசையில். மிச்சக் காசைக் கையில் கொடுப்பதில்லை, தட்டில் வைக்கிறேன். இதுவரைக்கும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை.